தண்ணீர் போட்ட பாதை

அவைக்கு வணக்கம். 'ஆஸ்திரேலியப் பாலை நிலத்தில் ஒரு கார் பயணம்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். கங்காருவை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கங்காரு கொஞ்சம்தான் வரும். நான் பேசப்போவது தண்ணீரையும், கூட வந்தவர்களையும் பற்றி.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரி என்ற ஊரில் தொடங்கி மார்லாவில் முடிகிறது ஊட்னடாட்டா தடம். சுமார் 620 கிலோமீட்டர், அவ்வளவும் மண் சாலை. நடுவில் ஊர் என்று சொல்லத்தக்கவை இரண்டுதான்: வில்லியம் கிரீக், அப்புறம் ஊட்னடாட்டா. வில்லியம் கிரீக்கில் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம்.

வரைபடத்தைப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். பெரிய மலை எதுவும் குறுக்கே இல்லை. இந்தப் பாதை ஏன் இப்படி வளைந்து போகிறது? வடக்கே கட்டி தண்டா என்கிற ஏர் ஏரி, கடல் மட்டத்துக்கும் 15 மீட்டர் கீழே, பெரும்பாலான ஆண்டுகளில் வெறும் உப்புப் பாளமாகக் கிடக்கிறது. அதைச் சுற்றித்தான் போக வேண்டும். அது ஒரு காரணம். பெரிய காரணம் ஊற்றுகள். இந்தக் கண்டத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், ஏறத்தாழ 17 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு, பூமிக்கடியில் ஒரு நீர்ப்படுகை பரந்திருக்கிறது. பெரும்பாலும் கிழக்கே மலைத்தொடரில் பெய்த மழை, பாறை இடுக்குகளில் லட்சக்கணக்கான ஆண்டுகள் ஊர்ந்து வந்து, இங்கே விரிசல் கண்ட இடங்களில் மேலே வருகிறது.

அந்த ஊற்றுகளில் ஒன்றுக்கு பப்ளர் என்று பெயர். மரப்பலகை மேடையில் நின்று குனிந்து பார்க்கலாம். குளத்தின் அடியில் சாம்பல் நிற மணல் வட்டமாகச் சுழல்கிறது, மெல்லப் புடைக்கிறது, உடைந்து அடங்குகிறது, மறுபடி புடைக்கிறது. விளிம்பில் மட்டும் கோரைப் புல். நாலடி தள்ளி உப்புப் பூத்த தரை, ஒரு செடி கிடையாது.

இப்படி ஊற்றுக்கு ஊற்று தாவிப் போகும் வழி இங்குள்ள பழங்குடியினரான அரபானா மக்களுக்கும் அவர்களுடைய அண்டை மக்களுக்கும் காலங்காலமாகத் தெரிந்த வழி. 1859இல் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற நாடாய்வுப் பயணி இந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டுதான் வடக்கே நகர்ந்தார். 1862இல் வடகடலைத் தொட்டார். தனி மனித சாகசமாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பயணத்தில் அவரோடு ஒன்பது பேர் இருந்தார்கள். திரும்பும் வழியில் ஸ்கர்வி நோய் கண்டு, பார்வை மங்கி, குதிரையில் உட்காரவும் முடியாமல் போனது அவருக்கு. இரண்டு குதிரைகளுக்கு இடையே தொட்டில் கட்டி அதில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். பத்துப் பேரும் உயிரோடு திரும்பினார்கள்.

அவர் போன தடத்தை ஒட்டி 1872இல் தந்திக் கம்பி வந்தது. வடகரையிலுள்ள டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டர்; அங்கிருந்து கடலடிக் கேபிளில் ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு, நம்ம சென்னை, பிறகு லண்டன். அடிலெய்டின் கம்பளி விலை நம் கடற்கரை வழியாகப் போயிருக்கிறது! கம்பிக்கும் ஆட்டுப் பண்ணைகளுக்கும் சாமான் சுமந்தவை ஒட்டகங்கள். ஒட்டகக்காரர்களை மொத்தமாக ஆப்கானியர் என்றார்கள். பலர் பலுசிஸ்தான், சிந்து, பஞ்சாப் ஆட்கள். மாரியில் ரயில் பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளைக்காரர் வீடுகள், மறுபக்கம் இவர்களும் பழங்குடி மக்களும். ஆட்கள் இல்லாமல் ஊர் இல்லை, ஆனாலும் ஊருக்குள் இடமில்லை. நமக்குப் புரியாத ஏற்பாடா என்ன?

ரயிலும் இதே வழியில்தான் வந்தது. வெள்ளம் அடிக்கடி தண்டவாளத்தைத் தூக்கிப் போட்டதால் 1980இல் பாதையை மேற்கே மாற்றிவிட்டார்கள். வழியில் மாட்டிக்கொண்ட ரயிலில் டிரைவர் காட்டு ஆடுகளைச் சுட்டுப் பயணிகளுக்குச் சோறு போட்டார் என்று ஒரு கதை உலவுகிறது. கொஞ்சம் உப்பு புளி சேர்த்த கதைதான்.

சரி, எங்கள் பயணத்துக்கு வருகிறேன். நாங்கள் நான்கு வண்டிகள். ஒரு வண்டியில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மாவும் கணவரும். இன்னொன்றில் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மூன்றாவதில் நானும் என் மைத்துனரும். எல்லோருக்கும் முன்னால் எழுபதைத் தாண்டிய ஒரு மெக்கானிக். மாரியை விட்டதும் அவர் இட்ட முதல் கட்டளை, டயர் காற்றைக் குறை என்பது. 38 பவுண்டிலிருந்து 26க்கு. மண் சாலை எங்கும் தகரக் கூரை போல வரி வரியாக இருக்கும். சின்ன மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளி விழுந்து மண்ணைத் தள்ளுகிறது. அடுத்த வண்டி அதே இடத்தில் துள்ளுகிறது. ஆயிரம் வண்டி போனால் சாலை முழுக்க வரி. காற்றைக் குறைத்தால் டயர் மெத்தென்று பரவி உதறலை வாங்கிக்கொள்ளும். நாங்கள் உடனே குறைத்தோம். யாழ்ப்பாணத்து அண்ணன் மட்டும் "பிறகு பாப்பம்" என்றார். அன்று மாலை அவர் வண்டியில் ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி தானே கழன்று, ஒரு வாரத் துணியெல்லாம் எலுமிச்சை ஊறுகாய். அந்த வண்டியில் பிறகு ஏறியவர்களுக்கெல்லாம் பசித்தது.

சேர்ந்து போகிறோம் என்று பேர்தானே தவிர, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. முன் வண்டி கிளப்பும் புழுதியில் பின்னால் வருபவருக்குச் சாலை தெரியாது. ஒரு கிலோமீட்டராவது தள்ளித்தான் வர வேண்டும். போன் எடுக்காது. ரேடியோவில் குரல் மட்டும். எதிரே மாட்டு லாரி வந்தால் முதல் வண்டி சொல்லும், மற்றவர்கள் ஓரம் கட்டுவார்கள். பிரிவுப் பாதை வந்தால் ஒரு விதி: பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை அங்கேயே நில். அவர் வந்ததும் நீ போ, அவர் தனக்குப் பின்னால் வருபவருக்காக நிற்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. அரை மணி நேரம் ஈயை விரட்டிக்கொண்டு நிற்பது லேசில்லை. ஆனால் நாலு வண்டியும் வழி தவறாமல் போனது இதனால்தான்.

வண்டி நின்றுபோனாலும் அதைவிட்டு நடக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. 1963 டிசம்பரில், மாரியிலிருந்து வடக்கே பிரியும் பேர்ட்ஸ்வில் தடத்தில், வழி தவறிப் பெட்ரோல் தீர்ந்த ஒரு குடும்பம் காரை விட்டு நடந்தது. ஐந்து பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. மேலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும், மனிதர் தெரியமாட்டார்.

போக நினைப்பவர்கள் மே முதல் ஆகஸ்டுக்குள் போங்கள். ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று வெயில் 50.7 டிகிரி செல்சியஸ் அடித்திருக்கிறது. மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் இறங்காதீர்கள். ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். பாம்பைப் பற்றிக் கேட்க முன் வரிசையில் இரண்டு பேர் அப்போதே கை தூக்கினார்கள், இப்போது கேட்கலாம்.