பள்ளி மணி அடித்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

"வீட்ல சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல சார், அதான் அவனுக்குப் படிப்பு ஏறல." ஆசிரியர்களிடையே இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும். தொடக்கப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் நானும் சொன்னவன்தான். அதில் பாதி உண்மை.

1966-இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஓர் அறிக்கை வந்தது. சுமார் 6 லட்சம் மாணவர்களைப் பார்த்துவிட்டு, பள்ளியின் வசதிகளைவிடப் பிள்ளையின் குடும்பமே தேர்ச்சியோடு அதிகம் ஒட்டி வருகிறது என்றது. இதைப் பணம் என்று மட்டும் புரிந்துகொள்ளக் கூடாது. முதல் வகுப்புக்கு வரும்போதே ஒரு குழந்தை நூறு கதை கேட்டிருக்கும். பக்கத்தில் உட்காரும் குழந்தைக்கு வீட்டில் பேசும் மொழியே வேறு. பிழைப்புக்காக ஊர் மாறும் குடும்பத்துப் பிள்ளை, கழித்தலில் கடன் வாங்கச் சொல்லிக்கொடுத்த வாரத்தில் வகுப்பில் இல்லாமல் போனால், அந்த ஓட்டை வகுத்தல் வரை கூடவே வரும். பசியையும் தூக்கமின்மையையும் நான் விளக்க வேண்டியதில்லை.

மறுபாதிக்கு வருகிறேன். 1982-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகள் சுமார் 800 பேரைப் பின்தொடரத் தொடங்கினார்கள் இரண்டு ஆய்வாளர்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறினார்கள். கோடை விடுமுறையில்தான் இடைவெளி விழுந்தது. அளந்த முறையைப் பின்னால் சிலர் கேள்வி கேட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். 1983-இல் ஹேனமன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளை ஒப்பிட்டதில், நாடு ஏழையாக இருக்க இருக்க, பிள்ளையின் படிப்பில் குடும்ப அந்தஸ்தின் பங்கு குறைந்தது. பள்ளியும் ஆசிரியரும் எப்படி என்பதன் பங்கு கூடியது. "வீடு சரியில்லை" என்று நாம் கைகழுவும் இடத்தில்தான் நம் வேலைக்கு மதிப்பு அதிகம்!

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 'படம் வெட்டி ஒட்டிக்கொண்டு வா' என்கிறோம். மறுநாள் மதிப்பெண் போடுவது பிள்ளைக்கா, அதன் அம்மாவுக்கா? பெற்றோர் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று வராத அப்பாவை, அக்கறை இல்லாதவர் என்று முடிவு கட்டுகிறோம்.

கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கும் ஒன்று. எனக்குப் படிப்பு இல்லையே என்று ஒதுங்கி நிற்காதீர்கள். என்னிடம் படித்த ஒரு சிறுமியின் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வேலை முடிந்து வந்ததும் மகளை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்பார். ஒருநாள் அவள் சீக்கிரம் விளையாடப் போகலாம் என்று நடுவில் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டாளாம். "கிணத்துல விழுந்த ஆடு எப்படிடி அதுக்குள்ள மேல வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார் அம்மா. அவள் திரும்ப உட்கார்ந்து படிக்க வேண்டியதாகிவிட்டது.

வணக்கம்.