கேஸ்9: கத்திரிக்கோலில் தகடு எங்கே?

வணக்கம் நண்பர்களே. டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையைப் பற்றிய வீடியோவில், வெட்டும் கேஸ்9ஐ கத்திரிக்கோல் என்று சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு ஒரு பத்தாம் வகுப்புப் பையன் கேட்டான்: "கத்திரிக்கோல் கத்திரிக்கோல்னு சொல்றீங்களே, அதுல தகடு எங்கே இருக்கு?" அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. ஏனென்றால் அங்கே தகடே கிடையாது.

கேஸ்9 என்பது 1368 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம். தொண்டைப்புண் உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ் என்ற பாக்டீரியா, வைரஸ்களைத் துண்டாக்க வைத்திருக்கும் ஆயுதம். இதை நாம் விரும்பும் இடத்துக்கு அனுப்பலாம் என்று 2012இல் காட்டியதற்குத்தான் விஞ்ஞானிகள் ஷார்பான்டியேவுக்கும் டவுட்னாவுக்கும் 2020இல் நோபல் கிடைத்தது.

அனுப்ப ஒரு முகவரி வேண்டும் அல்லவா? கேஸ்9 கூடவே சுமந்து செல்லும் வழிகாட்டி ஆர்என்ஏவில் 20 எழுத்து முகவரி இருக்கிறது. ஆனால் கேஸ்9 முதலில் அதைப் பார்ப்பதே இல்லை! டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான ஜி அடுத்தடுத்து இரண்டு இருக்கிறதா என்று மட்டும் தடவிப் பார்க்கும். இல்லையென்றால் உடனே நகர்ந்துவிடும். பாக்டீரியா தன் சொந்தக் கேஸ்9இடமிருந்து தப்பிப்பதும் இதனால்தான். வைரஸின் துண்டை அது தன் டிஎன்ஏவிலேயே சேமித்து வைத்திருக்கிறது, ஆனால் அதன் பக்கத்தில் அந்த ஜிஜி இல்லை.

இதோ, பழைய பையிலிருந்து கழற்றிய ஜிப். ஜிஜி கிடைத்த இடத்திலிருந்து இரட்டை இழை இப்படித்தான் ஒவ்வொரு பல்லாகத் திறக்கும். திறந்த இழையோடு ஆர்என்ஏ ஜோடி சேரும். முதல் பத்துப் பற்களுக்குள் பொருந்தாமல் போனால், பெரும்பாலும் திரும்ப மூடிக்கொள்ளும்.

ஏறக்குறைய கடைசிவரை பொருந்தினால்தான் கேஸ்9இன் எச்என்எச் என்ற பகுதி திரும்பி, வெட்ட வேண்டிய இடத்தில் வந்து உட்காரும். அங்கே ஒரு மெக்னீசியம் அயனி. 840ஆம் இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு தண்ணீர் மூலக்கூறிலிருந்து புரோட்டானைப் பிடுங்கும். அந்தத் தண்ணீர் இழையின் பாஸ்பரஸ் மேல் பாயும், எதிர்ப்பக்கப் பிணைப்பு அறுந்துவிடும். ஆமாம், வெட்டுவது தண்ணீர்! அந்த ஒரு ஹிஸ்டிடினை மாற்றினால் போதும், இந்த இழை வெட்டுப்படாது. இன்னொரு இழையை ருவ்சி என்ற பகுதி பார்த்துக்கொள்ளும், அதற்கு மெக்னீசியம் இரண்டு.

அப்புறம் ஒரு விஷயம். சோதனைக் குழாயில், வெட்டி முடித்த பிறகும் கேஸ்9 டிஎன்ஏவை விடாமல் மணிக்கணக்கில் பிடித்துக்கொண்டே இருக்கிறது. செல்லுக்குள் அதை எது விலக்குகிறது, அறுந்த முனைகளை எது ஒட்டுகிறது என்பதை அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.