டி டிரைவ்ல போட்டு வெச்சிருக்கறமுங்களே!

நேயர்களுக்கு வணக்கம். திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கத்துப் பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "வைரஸ் வந்துருச்சுங்க, ஒரே ஸ்லோ" என்று போன் வரும். போய்ப் பெட்டியைத் திறந்தால் பாதி இடங்களில் உள்ளே இருப்பது பஞ்சு.

கட்டிங் நடக்கிற இடத்தில் பறக்கும் தூசியைக் கம்ப்யூட்டர் ஃபேன் இழுத்துக்கொள்கிறது. பிராசஸர் மேல் உள்ள தகடுகளின் இடுக்கில் அது மெத்தை போலப் படிகிறது. சூடு வெளியேற வழியில்லாததால் பிராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் தணியாவிட்டால் மெஷின் அணைந்துவிடும். ஓவர்லாக் மெஷினுக்குத் தவறாமல் எண்ணெய் பார்க்கிற நாம், ஆபீஸ் மெஷினை வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறோம். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயரத்தில் வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டை நிறுத்தி, வெளியே எடுத்துப் போய் பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும். செக்‌ஷனில் இருக்கிற கம்ப்ரஸர் பைப்பை மட்டும் இழுத்து வராதீர்கள், அந்தக் காற்றோடு தண்ணீரும் வரும்.

யூபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. லேசர் பிரின்டரை அதில் சொருகக் கூடாது. தாளில் மையை உருக்கிப் பதிக்க அது சூடாகும் நேரத்தில் இழுக்கிற கரண்டைச் சின்ன யூபிஎஸ் தாங்காது. பேட்டரி மாற்றிய தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். நாமக்கல் பக்கம் லாரிக்காரர்கள் ஒவ்வொரு டயருக்கும் நோட்டில் கணக்கு வைத்திருப்பார்கள். ஆபீஸில் ஆறு கம்ப்யூட்டர் இருந்தால் அதற்கும் ஒரு நோட்டுப் போடுங்கள்: எப்போது வாங்கியது, வாரன்டி எதுவரை, யார் உட்காருகிறார்கள்.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. மெஷின் ஓடும், ஆனால் வைரஸ் நுழைகிற ஓட்டையை அடைக்கும் அப்டேட் முன்போல வராது. அதற்காக உடனே எடைக்குப் போட வேண்டாம். விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி சில மெஷின்களில் இருந்தும் அணைத்து வைத்திருப்பார்கள். விவரம் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, மெஷின் ஆன் ஆகும்போது திறக்கிற பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்குக் கீழே ஏற்காது.

சரி, என்னை அதிகம் கவலைப்பட வைக்கிற விஷயத்துக்கு வருகிறேன். "பேக்கப் எங்கேங்க?" என்று கேட்டால், "அதான் டி டிரைவ்ல தனியாப் போட்டு வெச்சிருக்கறமுங்களே" என்பார்கள். பல மெஷின்களில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கில் நடுவே தடுப்பு வைத்த இரண்டு அறைகள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு கம்பெனியில் அப்படிப் போன ஒன்றரை வருடக் கணக்கை, பில் கட்டுகளைப் பிரித்து வைத்து மறுபடி ஏற்றினார்கள். நானும் கூட உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடம் அங்கே சர்வீஸ் பார்த்தும் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டவன் நான்தான்.

வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுங்கள், எடுத்ததும் கழற்றிவிடுங்கள். சொருகியே விட்டால், பணம் கேட்டு ஃபைலைப் பூட்டுகிற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். 2017 மே மாதம் உலகத்தையே கலக்கிய வான்னாகிரை என்ற அந்த வகை வைரஸ் நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாத மெஷின்கள்தான் மாட்டின. இன்னொரு பிரதியை ஆபீஸுக்கு வெளியே வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறொரு மெஷினில் அதைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பில் சேர்ப்பதே இல்லை.

ஊழியர்களுக்குக் கொடுக்கிற லாகினில், மெஷினில் எதையும் மாற்றவும் ஏற்றவும் விடுகிற அட்மின் உரிமை வேண்டாம். அவர்கள் மேல் சந்தேகம் என்பதற்காக இல்லை. தெரியாமல் எதையோ அழுத்திவிட்டாலும் சேதம் பெரிதாகாது. அட்மின் பாஸ்வேர்ட் முதலாளியின் பீரோவில் இருக்கட்டும்.

அப்புறம் போன் நம்பர். ஜிஎஸ்டி பதிவிலும் கம்பெனி மெயிலிலும் அன்றைக்குக் கையில் இருந்தவர் என்று கணக்காளர் நம்பரைக் கொடுத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வேலையை விட்டுக் கரூருக்குப் போய்விட்டார். ஆனாலும் ரிட்டர்ன் போடும் 20ஆம் தேதி வந்தால் பழைய கம்பெனியிலிருந்து, "தம்பி, ஓடிபி வந்துச்சுங்களா?" என்று போன். பஸ்ஸில் நின்றுகொண்டு அவர் எண்ணைப் படித்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்து, மறுபடி ஓடிபி, மறுபடி போன். போன மாதம் அந்த நம்பரை மாற்றிக் கொடுத்தேன். முதலாளியை முந்திக்கொண்டு எனக்கு நன்றி சொன்னது கரூர்க்காரர்தான்.