மூச்சு விடும் ஆர்மோனியம்

வணக்கம் நேயர்களே. சாங்கி விமான நிலைய முதல் முனையத்தில் 1,216 உலோகத் துளிகள் ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது அசையும் சிற்பம். நான் செய்வதும் அந்த ஜாதிதான், ஆனால் பழைய வாத்தியங்களில். பழைய சாமான் விற்கும் சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடும்வரை சனி ஞாயிறு எனக்கு அங்கேதான் பொழுது போகும். இப்போது வீடுவீடாகப் பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாகம் கைக்கு வந்ததும் நான் பார்ப்பது ஒன்றுதான்: இது எப்படி அசைந்த பொருள்? அதை அப்படியே அசைய விடவேண்டும். கம்பியை முறுக்கித் திரும்பும் வீணைப் பிரடையை மயில் கொண்டையாக ஒட்டுவது எனக்கு ஒப்பாது.

எனக்குச் செல்லம் ஆர்மோனியம். பாவம், அதற்கும் வானொலிக்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. சுரத்தைக் குழைக்கும் கமகம் வராது என்று அகில இந்திய வானொலி 1940இல் அதை வெளியே தள்ளிவிட்டது. கமகம் வராதுதான், கட்டையை அமுக்கினால் குழைவு எங்கிருந்து வரும்? அதற்காக 30 வருஷத் தண்டனையா? 1971இல்தான் தடையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். இன்று அதற்காக வானொலியிலேயே வாதாடுகிறேன், பாருங்கள்!

கையால் அடிக்கிறோமே, அது வெளித்துருத்தி. பெட்டிக்குள் இன்னொரு துருத்தி காற்றைச் சேர்த்து வைக்கும். ஸ்பிரிங் அதை அமுக்கிக்கொண்டே இருக்கும். காரிலிருந்து கழற்றிய 12 வோல்ட் வைப்பர் மோட்டாரை எடுத்து, அதன் சக்கரத்தில் நடுவிலிருந்து தள்ளி ஒரு கம்பியை மாட்டி, மறுமுனையை வெளித்துருத்தியில் பிணைத்தால் போதும், அது தானாகப் போய் வரும். வேகத்தை நிமிடத்துக்கு 15 தடவையாகக் குறைப்பேன். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் மூச்சு விடும் கணக்கு அது. மோட்டாரை அணைத்தாலும் சத்தம் உடனே நிற்காது. உள்ளே இருக்கும் காற்று தீரும்வரை சுரம் இழுக்கும். பிள்ளைகள் "இன்னொரு தடவை அங்கிள்" என்று விடமாட்டார்கள். மறுபடி சொல்கிறேன், அந்த அசைவு பெட்டியிலேயே இருந்தது. நான் கொடுத்தது மோட்டார் மட்டும்.

நம் ஊர் ஈரத்தில், காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகளான ரீடுகளில் பச்சை பிடிக்கும். துடைக்கும்போது நுனியைச் சுரண்டிவிடாதீர்கள், சுருதி ஏறிவிடும்.

சிற்பி ழான் டிங்குலி 1960இல் நியூயார்க்கில் பியானோவோடு ஒரு இயந்திரத்தையே தன்னைத்தானே அழித்துக்கொள்ள விட்டாரே, அந்தக் கதை... சரி சரி, தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய பியானோ கிடைத்தால் கம்பிகளை வெட்டாதீர்கள். 200க்கும் மேல் இருக்கும், எல்லாம் சேர்ந்து 15 டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். வணக்கம்.