இடம் மாறும், இணை மாறாது: இடமாற்று சைஃபர் எப்படி உடைகிறது?

திரையில்: நாளை மாலை பாலத்தில் சந்திப்போம்

குரல்: எழுத்துகளை மாற்றாமல், அவற்றின் வரிசையை மட்டும் கலைத்துச் செய்தியை மறைப்பது இடமாற்று சைஃபர். இந்தச் செய்தியில் மொத்தம் 15 எழுத்து. இடைவெளியை நீக்கிவிட்டு, வரிசைக்கு ஐந்தாகக் கட்டத்தில் நிரப்புகிறோம்.

திரையில்:
நா | ளை | மா | லை | பா
ல | த் | தி | ல் | ச
ந் | தி | ப் | போ | ம்

குரல்: சாவி 3-1-5-2-4. இந்த முறைப்படி நெடுவரிசைகளை மேலிருந்து கீழாக எடுத்து எழுதினால்:

திரையில்: மாதிப் – நாலந் – பாசம் – ளைத்தி – லைல்போ

குரல்: நடுவில் ‘பாசம்’ வந்தது தற்செயல். அனுப்பும்போது இந்தக் கோடுகளும் இருக்காது.

இனி, சாவி தெரியாதவர் பக்கம் போவோம். கட்டம் நிரம்பியிருந்தால் 15 எழுத்துக்கு 3 அல்லது 5 நெடுவரிசை. மூன்று என்று வைத்தால் முதல் வரிசையிலேயே மா, ந், த் வந்து நிற்கும்; எப்படி அடுக்கினாலும் தமிழாகாது. ஆக, ஐந்து. மும்மூன்று எழுத்தாக ஐந்து சீட்டு வெட்டுகிறோம். அவற்றை 120 விதமாக அடுக்கலாம், ஆனால் அத்தனையும் தேவைப்படாது.

2ஆம் சீட்டின் அடியில் ந். அதன் பின்னால் வரத் தகுந்தது 4ஆம் சீட்டின் ‘தி’ மட்டுமே. சேர்த்ததும் மேலே ‘நாளை’ தெரிகிறது. 4ஆம் சீட்டின் நடுவில் த். அது தன் வரிசை எழுத்தோடுதான் (த, தா, தி…) சேரும், எனவே அடுத்தது 1ஆம் சீட்டு. அதன் அடியில் ப். அதற்கு ‘போ’, அதாவது 5ஆம் சீட்டு. மிச்சமுள்ள 3ஆம் சீட்டு ‘ம்’ என்று முடிகிறது, கடைசியில் வைக்கலாம். சீட்டுகளின் வரிசை 2-4-1-5-3. செய்தி வந்துவிட்டது.

எந்த மெய்யின் பின்னால் எந்த எழுத்து வரலாம் என்று பள்ளியில் படித்த மெய்ம்மயக்கம்தான் இங்கே வேலை செய்தது. ‘பக்தி’, ‘சப்தம்’ போன்ற வடசொற்கள் அவ்வப்போது குழப்பும், அவ்வளவே.

கட்டத்தை நிரப்பாமல் விட்டால்? சில சீட்டில் ஓர் எழுத்து குறையும். எங்கே வெட்டுவது என்று மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும், நேரம்தான் கூடும். கணினிக்கு அதுகூடப் பெரிதில்லை. இரண்டு நெடுவரிசையை இடம் மாற்றும், சேர்க்கை முன்பைவிடத் தமிழ்போல இருந்தால் வைத்துக்கொள்ளும், இல்லையென்றால் பழையபடி வைக்கும். பாதி சரியான சாவியே பாதிச் செய்தியைக் காட்டிக்கொடுப்பதால்தான் இது பலிக்கிறது.

இருமுறை இடம் மாற்றினால் சீட்டு வெட்டும் வழி அடைபடும். முதல் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மன் ராணுவம் அப்படித்தான் செய்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1914இலேயே அதை உடைத்தார்கள். ஒரே சாவியில், ஒரே நீளத்தில் இரண்டு செய்திகள் கிடைத்தால் போதும்: ஒன்றின் 7ஆம் எழுத்து எங்கே போகிறதோ, மற்றதன் 7ஆம் எழுத்தும் அங்கேதான் போகும். ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டிலும் ஒருசேரப் பொருள் வரும்வரை நகர்த்துவார்கள்.