ஸ்மார்ட் போர்டு வந்த பிறகு வகுப்பு ஏன் இவ்வளவு அமைதி?

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்து நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "சார், எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. ஏழாம் வகுப்புக்கு மின்சுற்றுப் பாடத்தைக் காணொளியாகப் போட்டேன். வகுப்பு அவ்வளவு அமைதியாகப் பார்த்தது. மறுநாள் கேள்வி கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதைவிட நல்ல காணொளி எங்கே கிடைக்கும்?"

டீச்சர், அந்த அமைதிதான் என்னை இரண்டு நாளாக உறுத்துகிறது. ஏழாம் வகுப்பு சத்தமில்லாமல் இருக்கிறது என்றால், ஒன்று தலைமையாசிரியர் வாசலில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பாதிப் பேர் வேறு உலகத்தில் இருக்க வேண்டும்.

காணொளிக்கு நமக்குப் பஞ்சமே இல்லை. 2018இல் வந்த புதிய பாடநூல்களிலேயே க்யூஆர் கோடு இருந்தது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் தமிழக அரசின் பாடக் காணொளிச் செயலியான மணற்கேணி. அவ்வளவு ஏன், 1975இலேயே நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளை ஒரு வருஷத்துக்கு வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ டிவி காட்டியது. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பி வலை இருக்கிறதல்லவா, அதில் பத்தடிக்கு ஆண்டெனா செய்து, காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி! அந்த வலை ஆண்டெனாவைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். ஆக, காட்டுவதற்கு வழி ஐம்பது வருஷமாகவே இருக்கிறது. பார்க்கிற பிள்ளையின் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வழியில்லாமல் இருந்தது.

பழைய நேயர்களுக்குத் தெரியும், நான் எங்கே சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்பேன்: திரை விடையைக் காட்டுவதற்கு முன்னால் பிள்ளை ஊகிக்க வேண்டும். போன முறை மிதத்தலுக்குச் சொன்னேன், இப்போது மின்சுற்றுக்குச் சொல்கிறேன்.

கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஃபெட் என்று ஒரு தளம் நடத்துகிறார்கள். நோபல் பரிசு வாங்கிய இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது, இலவசம். அதில் பேட்டரி, கம்பி, பல்பு எல்லாம் இழுத்துப் போட்டு நாமே சுற்று கட்டலாம். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும். பிள்ளைகள் முதலில் அதைத்தான் செய்வார்கள், செய்யட்டும். அப்புறம் ஒரே மாதிரி இரண்டு பல்புகளைத் தொடராக, அதாவது ஒரே பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, சுவிட்சைப் போடாமலே வைத்துக்கொண்டு கேளுங்கள்: எது பிரகாசமாக எரியும்? நிறையப் பிள்ளைகள் பிளஸ் பக்கத்து பல்பைத்தான் சொல்வார்கள். 'முதல் பல்பு கரண்டைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்ததுக்குப் போகும்' என்பது அவர்கள் கணக்கு. காணொளி எத்தனை முறை ஓடினாலும் இந்தக் கணக்கு அசையாது, ஏனென்றால் அதை யாரும் வெளியே கேட்கவில்லை.

எல்லாரிடமும் எப்படிக் கேட்பது? கை தூக்கச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்து மற்றவர்கள் தூக்குவார்கள். ப்ளிக்கர்ஸ் என்று ஒரு செயலி இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகித அட்டை, கறுப்புக் கட்டங்கள் அச்சடித்தது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. எந்தப் பக்கத்தை மேலே பிடிக்கிறார்களோ அதுதான் விடை. நீங்கள் உங்கள் போனை வகுப்பின் குறுக்கே காட்டினால் போதும், யார் எதைச் சொன்னார்கள் என்று வந்துவிடும். பிள்ளைகளிடம் எந்தக் கருவியும் வேண்டாம். பக்கத்துப் பையனின் அட்டையை எட்டிப் பார்த்தும் பயனில்லை.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற பேராசிரியருக்கு இந்த ஞானம் எப்படி வந்தது தெரியுமா? அடிப்படைக் கேள்விகள் கொண்ட ஒரு தேர்வு வைத்தார். ஒரு மாணவி எழுந்து, "நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் நினைக்கிறபடி எழுதட்டுமா?" என்றாராம்! ஹார்வர்டிலேயே அப்படி. அதற்கப்புறம் அவர் வகுப்பில் கேள்வி போடுவார், எல்லாரும் விடை சொல்வார்கள், விடைகள் பிரிந்து கிடந்தால் பக்கத்தில் இருப்பவருடன் வாதம் செய்யச் சொல்வார், பிறகு மறுபடியும் கேட்பார். அந்த வாதச் சத்தம்தான் டீச்சர், உங்கள் வகுப்பில் இல்லாமல் போனது.

உண்மையில் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, முக்கால்வாசிப் பேர் தப்பு என்று போன் காட்டிய பிறகு என்ன செய்வது என்றுதான். அங்கேதான் எல்லாரும் அவசரப்பட்டு விளக்க ஆரம்பித்துவிடுகிறோம். சுவிட்சைப் போடுங்கள், இரண்டும் ஒரே மாதிரி எரியும். விளக்கம் சொல்லாதீர்கள். ஒரு பிள்ளையாவது 'பிளஸ் பக்கத்து பல்பே மட்டமோ என்னமோ' என்று சமாளிக்கும். சரி, பேட்டரியைத் திருப்பிப் போடுவோம் என்று அந்தப் பிள்ளையையே போர்டுக்குக் கூப்பிடுங்கள். எலக்ட்ரான்களைக் காட்டும் நீலப் புள்ளிகள் எதிர்த்திசையில் ஓடும், இரண்டு பல்புகளிலும் ஒரே வேகத்தில். வெளிச்சம் மாறாது. அப்புறம் மேஜை மேல் நிஜமான ஒன்றரை வோல்ட் செல்லையும் இரண்டு டார்ச் பல்புகளையும் வைத்து அதையே செய்யச் சொல்லுங்கள். நிஜப் பல்புகள் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். அப்போது பல்புகளை இடம் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், அடுத்த வாதம் தானாகக் கிளம்பும்.

பள்ளியில் நெட் இழுக்காது என்றால் வீட்டிலேயே ஃபெட் கோப்பைப் பதிவிறக்கிப் பென்டிரைவில் கொண்டு போங்கள், நெட் இல்லாமலே ஓடும். அட்டைகளைக் கொஞ்சம் கெட்டியான தாளில் அச்சடியுங்கள். பளபளக்கிற லேமினேஷன் மட்டும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பட்டால் போன் படிக்காது.