அலையாத்திக் காடு வேணுமா? கன்று நடுறதை முதல்ல நிறுத்துங்க!

[திரையில்: சேற்றில் வரிசையாகக் கன்றுகள்]

கடலோரச் சேத்துல நூறு பேர் சேர்ந்து அலையாத்தி, அதாவது மாங்குரோவ் கன்று நடுறாங்க. பார்க்கவே மனசு நிறையுது இல்ல? இப்போ இதைக் கேளுங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் இலங்கையில அலையாத்தி நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தாங்க. 9 இடங்கள்ல ஒரு கன்றுகூட உயிரோட இல்ல.

எங்க தப்பு நடந்துச்சு? சேத்துக்குள்ள ஆக்சிஜன் கிடையாது. அதனால வெண்கண்டல் மரம் பென்சில் பென்சிலா வேரை மேல அனுப்பி, கடல் வத்துற நேரத்துல மூச்சு வாங்கிக்கும். நாள் முழுக்க மூழ்கினா மூச்சே இல்ல. ராபின் லூயிஸ்னு ஒரு அமெரிக்கச் சூழலியலாளர், மொத்த நேரத்துல சுமார் 30 சதவீதத்துக்கு மேல மூழ்குற இடத்துல இந்தக் காடு நிலைக்காதுன்னு சொன்னார். ஆனா நடவுக்குப் பெரும்பாலும் அந்த மாதிரி தாழ்வான சேத்தைத்தான் பிடிக்கிறாங்க. ஏன்னா அங்க சொந்தம் கொண்டாட ஆள் இல்ல. பழைய காடு இருந்த இடமோ இறால் பண்ணையா மாறிக் கிடக்கு!

லூயிஸ் சொன்ன வழி: அடைபட்ட வாய்க்காலைத் திறங்க, பண்ணைக்குக் கட்டின கரையை உடைச்சு, ஏறி இறங்குற கடல் தண்ணியை உள்ள விடுங்க. விதை தானா வரும்.

எப்படி வரும்? எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். சுரபுன்னையோட விதை, தாய்மரத்துல தொங்கும்போதே முளைச்சிடும். முருங்கைக்காய் மாதிரி நீண்டு வளர்ந்து, அப்புறம்தான் விழும். தண்ணியில படுத்தபடி வாரக்கணக்கா மிதக்கும். போகப் போக அடிநுனி கனத்து, நிமிர்ந்து நிக்கும். சேறு தட்டுப்பட்டதும் வேர் விடும். தனக்கான இடத்தைத் தானே தேடிப் போற பிள்ளைங்க அது! பக்கத்துல தாய்மரமே இல்லாத இடத்துல மட்டும் நாம நட்டா போதும்.

கார்பன் விஷயம் சுருக்கமா: அந்த ஆக்சிஜன் இல்லாத சேத்துல விழுந்த இலையும் வேரும் லேசுல மக்காது. அதனால கார்பன் நூற்றாண்டுக் கணக்கா அங்கேயே தங்கிடுது. காட்டை அழிச்சு மண்ணைக் கிளறினா அதுல நிறைய காத்துல கலந்துடும்.

கென்யாவோட காஸி (Gazi) விரிகுடாவுல ஊர் மக்களே 117 ஹெக்டேர் காட்டைக் காத்து, அதுக்கான கார்பன் வரவை (கார்பன் கிரெடிட், அதாவது இவ்வளவு கார்பனைக் காத்துல கலக்காம தடுத்தோம்னு தர்ற சான்று) விக்கிறாங்க. அந்தப் பணம் ஊருக்குக் குடிதண்ணியாவும் பள்ளிக்கூடத்துக்கும் போகுது. மீன்குஞ்சு வளர்ற இடமும் பத்திரமா இருக்கு.

அடுத்த தடவை யாராவது நடவுக்குக் கூப்பிட்டா, தயவுசெஞ்சு போங்க. போய், "இங்க முன்னாடி அலையாத்தி இருந்துச்சா? தண்ணி எங்க அடைபட்டுச்சு?"ன்னு கேளுங்க. என்ன பதில் வந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க, ஒவ்வொண்ணையும் படிக்கிறேன்.